சத்தத்திற்கும் ஒரு சல்லடை உண்டு



பருப்பு, வற்றல், ஏலக்காய் என்று எழுதி வந்த நாம் இந்த இதழில் கார் ஸ்பீக்கரைப் பற்றி எழுதுகிறோமே, என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கலாம். நம் உறுப்பினர்களில் காரோ லோடு வண்டியோ இல்லாதவர் இன்று குறைவு. கொள்முதலுக்கும் வசூலுக்குமாக வாரத்தில் பாதி நாள் வண்டியிலேயே கழிகிறது. வீட்டுப் பிள்ளைகள் டிக்கியில் ஒரு பெரிய பெட்டியை மாட்டி ‘சப்வூஃபர்’ என்கிறார்கள். அதற்குப் பணம் நம் கல்லாவிலிருந்துதான் போகிறது. ஆகவே அதன் வரவு செலவையும் நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

இதில் நமக்கு ஒரு சொந்த அனுபவமும் உண்டு. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். நமது மூத்த மகன் 12 அங்குல சப்வூஃபர், ஆம்ப்ளிபயர், நான்கு கதவுகளுக்கும் ஸ்பீக்கர் என்று 38,000 ரூபாய்க்கு வண்டியில் போட்டான். இரண்டு மாதத்தில் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் கரகரத்து ஊமையாகிவிட்டன. புதிதாக வாங்கி மாட்டினோம். மூன்றே வாரத்தில் அவையும் போயின. நாம் நேராக அந்தக் கடைக்குப் போய், வாடிக்கையாளர் நாலு பேர் நிற்கும்போதே, டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர் என்று சத்தம் போட்டோம். அவரும் நம்மைப் போலக் கடை வைத்துப் பிழைப்பவர்தான். “செட்டிங்கைப் பாத்தீங்களா அண்ணாச்சி?” என்று ஒரு முறை கேட்டார். நாம் காதில் வாங்கவில்லை. கடை வீதியில் மேலும் பத்துப் பேரிடம் அவர் சரக்கைப் பற்றிச் சொல்லவும் செய்தோம்.

பிறகு நமது தெருவில் முப்பது வருடமாக மைக் செட் போடும் தம்பி ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து டிக்கியைத் திறந்து பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அண்ணாச்சி, ஏலக்காயை எட்டு எம்.எம். சல்லடையில போட்டுச் சலிச்சுத்தானே தரம் பிரிக்கிறீங்க? இங்க சல்லடையே போடல. மூட்டையை அவுத்து அப்படியே கொட்டியிருக்கு” என்றார்.

அவர் சொன்ன சல்லடைக்குப் பெயர்தான் கிராஸ்ஓவர். அது என்ன, அதை எங்கே வைப்பது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்ததையும், பிறகு நாமே திருகிப் பார்த்துத் தெரிந்து கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

சத்தம் என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை ஹெர்ட்ஸ். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். (நமது வயதில் மேல் பக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். அது தனிக் கதை.) ஆண் குரலின் அடி ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஜால்ரா, புல்லாங்குழலின் மினுமினுப்பு எல்லாம் ஆயிரக்கணக்கில் போகும். ஒரு பாட்டு என்பது இவ்வளவும் கலந்த மூட்டை.

இந்த மூட்டை முழுவதையும் ஒரே ஸ்பீக்கர் தூக்க முடியாது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரே அளவு சத்தம் வர வேண்டுமானால், ஹெர்ட்ஸ் பாதியாகும்போது ஸ்பீக்கர் பேப்பர் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 40 ஹெர்ட்ஸுக்கு 4 மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கு 16 மில்லிமீட்டர். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது. காயில் எல்லையில் போய் முட்டும், சூடேறும், ஒரு நாள் தீயும். நமது நான்கு ஸ்பீக்கர்களும் செத்தது இப்படித்தான். சரக்கு நல்ல சரக்கு. சிறு பையன் தலையில் நூறு கிலோ மூட்டையை ஏற்றியது நாம்.

ஆகவே இரண்டு சல்லடை வேண்டும். ஒன்று, சப்வூஃபருக்குப் போகும் வழியில் இருப்பது. ஒரு எல்லைக்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தை மட்டும் விட்டு, மேலே உள்ளதை நிறுத்தும். இதை ‘லோ பாஸ்’ என்பார்கள். ஆம்ப்ளிபயரில் எல்.பி.எஃப். என்று போட்டிருக்கும். இன்னொன்று கதவு ஸ்பீக்கர்களுக்குப் போகும் வழியில் இருப்பது. அந்த எல்லைக்கு மேலே உள்ளதை விட்டு, கனத்ததை நிறுத்தும். இது ‘ஹை பாஸ்’, எச்.பி.எஃப். பெயர் குழப்பும். ‘லோ பாஸ்’ என்றால் கீழே உள்ளதைப் ‘பாஸ்’ பண்ணி விடுவது என்று நினைவில் வைத்தால் போதும். முதல் சல்லடையைப் பெரும்பாலும் எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைத்தான் மறக்கிறார்கள். ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது அந்த இரண்டாவதுதான்.

நமது வண்டியில் ஆம்ப்ளிபயரின் கதவுப் பக்கத்துச் சுவிட்சு ‘ஃபுல்’ என்ற இடத்தில் இருந்தது. ‘ஃபுல்’ என்றால் சலிக்காமல் முழுவதும் போகட்டும் என்று அர்த்தம். நமது மகனோ ‘ஃபுல்’ என்றால் முழுப் பலம் என்று நினைத்து, கடைக்காரர் வைத்ததை மாற்றியிருக்கிறான். கேட்டபோது தலையைச் சொறிந்தான்.

எல்லையை எங்கே வைப்பது? பெரும்பாலான கார்களுக்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். அதற்குக் காரணங்கள் உண்டு. ஏறக்குறைய அந்த அளவுக்குக் கீழே வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரிக்க முடியாது. ஆகவே பெட்டி டிக்கியில் இருந்தாலும் சத்தம் முன்னாலிருந்து வருவது போலவே தோன்றும். ஆண் குரலும் 85க்கு மேலே என்பதால் கதவு ஸ்பீக்கரோடு நின்றுவிடும். லோ பாஸை 150 வரை ஏற்றி வைத்திருக்கும் வண்டிகளில் உட்கார்ந்து பாருங்கள், டி.எம்.எஸ். டிக்கிக்குள் படுத்துக் கொண்டு பாடுவது போல இருக்கும். ஆறரை அங்குல ஸ்பீக்கரும் 80 வரை சிரமமில்லாமல் இறங்கும். கதவில் இருப்பது நான்கு அங்குல ஸ்பீக்கர் என்றால் எல்லையை 100 அல்லது 120க்கு உயர்த்த வேண்டும். அப்போது சப்வூஃபரையும் அதே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பள்ளம் விழும்.

இரண்டு எல்லையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா என்றால், கணக்குப்படி ஆம். கதவுக்கு 80 வைத்து சப்வூஃபருக்கு 120 வைத்தால், 80க்கும் 120க்கும் நடுவே உள்ள சரக்கு இரண்டு தராசிலும் ஏறுகிறது. குடத்துக்குள் பேசுவது போல ‘கும்’ என்று இருக்கும். ஆனால் கார் ஒரு விசித்திரமான இடம். கண்ணாடியும் தகரமும் சேர்ந்து சில சத்தங்களைத் தாமே தூக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் சப்வூஃபரை 70லும் கதவை 80லும் வைத்துச் சிறிது இடைவெளி விட்டால்தான் தெளிவு கிடைக்கிறது. நமது வண்டியிலும் அப்படித்தான் ஆயிற்று. ஆகவே 80 என்பது தொடங்கும் இடம்தான், அங்கேயே நிற்க வேண்டும் என்பதில்லை.

சல்லடையின் கண் பற்றிச் சொன்னோம். எவ்வளவு கறாராகச் சலிக்கிறது என்பதும் உண்டு. நம் சல்லடையில் எட்டு எம்.எம்.முக்குக் கொஞ்சம் கூடுதலான காய் ஒன்றிரண்டு நழுவிப் போவதில்லையா? அதுபோல எந்தக் கிராஸ்ஓவரும் 80ல் கத்தி வைத்து வெட்டுவதில்லை. சரிவாகக் குறைக்கிறது. இந்தச் சரிவை ஒரு ஸ்தாயிக்கு இத்தனை டெசிபெல் என்று அளக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு ஸ்தாயி தெரியும். மத்திய ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி ஸட்ஜத்திற்குப் போனால் ஹெர்ட்ஸ் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே 80லிருந்து 160 ஒரு ஸ்தாயி. சரிவு 12 டெசிபெல் என்றால் 160ல் சத்தத்தின் பலம் ஏறக்குறைய 16ல் ஒரு பங்காகிவிடும். 24 டெசிபெல் என்றால் 250ல் ஒரு பங்கு. முதலாவது ஒரு முறை சலித்தது, இரண்டாவது இரண்டு முறை சலித்தது என்று வைத்துக் கொள்ளலாம். ஹ்யூலெட்-பேக்கர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு பொறியாளர்களின் பெயரால் 1976 முதல் வழங்கி வரும் புகழ்பெற்ற முறைகூட இப்படி ஒரே மாதிரிச் சல்லடையை அடுத்தடுத்து வைப்பதுதான். தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் சப்வூஃபருக்கு 24ம், கதவுக்கு 12 அல்லது 24ம் வைக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீரியோவின் மெனுவிலும் ஒரு கிராஸ்ஓவர் இருக்கும், ஆம்ப்ளிபயரிலும் ஒன்று இருக்கும். தெரியாமல் இரண்டையும் 80ல் வைத்துவிட்டால், சலித்ததையே மறுபடியும் சலித்து, எல்லைக்குப் பக்கத்தில் உள்ள நல்ல சரக்கும் வீணாகும். சப்வூஃபர் வாங்கியும் அடி கேட்கவில்லை என்று சொல்பவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஒன்றை மட்டும் வேலை செய்ய விட வேண்டும். நமது யோசனை, ஸ்டீரியோவில் எண் போட்டு வைக்க முடிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஆம்ப்ளிபயரின் லோ பாஸ் குமிழை மேல் எல்லைக்குத் திருப்பிவிடுங்கள். ஏனெனில் ஆம்ப்ளிபயர் குமிழில் 50, 250 என்று இரண்டு முனையில் மட்டும்தான் எண் இருக்கும். நடுவில் நிறுத்தினால் 150 என்று கணக்குப் போட முடியாது. உள்ளூர்த் தராசில் கல் இல்லாமல் நிறுப்பது போன்றது அது.

கம்பெனியிலேயே மாட்டி வரும் சில ஸ்டீரியோக்களில் ஹை பாஸ் வசதியே இருப்பதில்லை. கதவு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயர் வழியாக வராமல் ஸ்டீரியோவிலிருந்து நேரே வருகிறது என்றால், ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கெப்பாசிட்டரைத் தொடராக வைத்தால் போதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் எல்லை வேண்டுமானால் சுமார் 500 மைக்ரோஃபாரட். 100 ஹெர்ட்ஸுக்கு 400. ‘நான் போலார்’ வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். இதன் சரிவு 6 டெசிபெல்தான், அரைகுறைச் சல்லடை. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

இனி வைக்கும் முறைக்கு வருவோம். மைக் செட் தம்பி முதலில் செய்த வேலை எல்லாவற்றையும் அணைத்ததுதான். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். பாஸ் பூஸ்ட் என்ற குமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸை ஒட்டி 12 டெசிபெல் வரை தூக்கும். 12 டெசிபெல் என்றால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர். 20 வாட் போதும் என்ற இடத்தில் 320 வாட் கேட்கிறோம். ஆம்ப்ளிபயரிடம் கையிருப்பு இல்லை. கையிருப்பில்லாமல் செக் கொடுத்தால் என்ன ஆகும்? அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, கரகரப்பாக, சூடாக ஸ்பீக்கரில் போய் விழும். நமது வண்டியில் இந்தக் குமிழ் கடைசி வரை திருகியிருந்தது. காருக்கு இது தேவையே இல்லை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். கார் உள்ளறை அதில் பாதிகூட இல்லை. மூடிய சிறிய அறையில் இவ்வளவு நீண்ட அலையை அடித்தால் அறையே அதைத் தூக்கிக் கொடுக்கும். இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கட்டுவானேன்?

பிறகு சப்வூஃபரை அறவே நிறுத்திவிட்டு, கதவு ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டார். ஹை பாஸ் 80. ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கு. ‘கெயின்’ என்ற குமிழை மெதுவாக ஏற்றி, சத்தம் உடைகிற இடம் வந்ததும் கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினார். கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் அளவுக்கும் ஆம்ப்ளிபயர் வாங்கும் அளவுக்கும் படியைச் சரிக்கட்டுவது. இதை முடித்த பிறகுதான் சப்வூஃபரை லோ பாஸ் 80ல் திறந்து, அதன் கெயினைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றினார். பாட்டோடு சேர்ந்து, ஆனால் தனியாகக் காதில் உறுத்தாமல் வரும்போது நிறுத்த வேண்டும். “டிக்கியில பெட்டி இருக்குன்னு தெரிஞ்சா அது ஜாஸ்தி அண்ணாச்சி” என்றார் தம்பி.

இதற்கு என்ன பாட்டு போடுவது? 1960களின் படப் பாடல்கள் நமக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காலத்து ஒலிப்பதிவில் அடிச்சத்தம் குறைவு. அதை வைத்து அளந்தால் சப்வூஃபரை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவோம். பிறகு புதுப் பாட்டு வந்தால் கண்ணாடி ஆடும். இளையராஜாவின் 1980கள் பாடல்களில் பேஸ் கிடார் மேலும் கீழும் நன்றாக நடமாடும். கிடார் கீழே இறங்கும்போதும் மேலே ஏறும்போதும் சத்தம் ஒரே சீராக வந்தால் கிராஸ்ஓவர் சரி. ஒரு ஸ்வரத்தில் மட்டும் திடீரென்று முழங்கினாலோ, ஒன்று மட்டும் காணாமற் போனாலோ எல்லையைச் சிறிது நகர்த்திப் பார்க்க வேண்டும். காதுக்கு நம்மை நம்பாமல், பத்து வயதுப் பேரனை முன் இருக்கையில் உட்கார வைத்துக் கொண்டோம்.

அப்படியும் 80ஐ ஒட்டிச் சத்தம் காணாமற் போகிறது என்றால் ‘ஃபேஸ்’ என்ற சுவிட்சைப் பார்க்க வேண்டும். 0, 180 என்று இருக்கும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். டிக்கிப் பெட்டி டிரைவருக்கு ஒரு தூரத்திலும் கதவு ஸ்பீக்கர் வேறு தூரத்திலும் இருப்பதால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கலாம். லாரியில் இரண்டு பேர் மூட்டை ஏற்றும்போது ஒருவர் தூக்க, மற்றவர் இறக்கினால் மூட்டை எங்கே ஏறும்? டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, இன்னொருவரை விட்டுச் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லுங்கள். எதில் அடிச்சத்தம் நிறைவாக வருகிறதோ அதுவே சரி. ஒரு நிமிட வேலை.

பெட்டியில் ஓட்டை வைத்த வகை, அதாவது ‘போர்ட்டடு’ பெட்டி என்றால் மூன்றாவதாக ஒரு சல்லடையும் வேண்டும். அதற்கு ‘சப்சானிக்’ என்று பெயர். அந்தப் பெட்டியை எந்த ஹெர்ட்ஸுக்கு அமைத்திருக்கிறார்களோ அதற்குக் கீழே போனால், பேப்பருக்குப் பின்னால் காற்றின் பிடிப்பு இல்லாமல் போய், கட்டுப்பாடின்றி ஆடிக் கிழியும். ஆகவே அமைத்த அளவுக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் 25, 30 ஹெர்ட்ஸில் இதை வைப்பார்கள். பெட்டியின் அளவு என்ன என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். முழுவதும் மூடிய பெட்டிக்கு இந்தக் கவலை குறைவு.

இவ்வளவும் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமானதாக இருந்தது. மூன்றாவது ஜோடிக் கதவு ஸ்பீக்கர் மட்டும் வாங்க வேண்டியிருந்தது. அதை வாங்க அதே கடைக்குத்தான் போனோம். போன தடவை போலவே அன்றும் நாலு பேர் நின்றார்கள். சரக்கில் குறையில்லை, தவறு எங்கள் பக்கம் என்று அவர்கள் காதில் விழும்படியே சொன்னோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. டீ வரவழைத்தார். “நானும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்கணும் அண்ணாச்சி, வாயால சொன்னா மறந்து போகுது” என்றார். இப்போது அவர் விற்கும் ஒவ்வொரு ஆம்ப்ளிபயரோடும் சுவிட்சு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக் கொடுக்கிறார். கடை வீதியில் முன்பு சொன்ன பத்துப் பேரையும் தேடிப் போய்த் திருத்திச் சொல்ல நமக்கு இரண்டு வாரமாயிற்று. ஒருவர் மட்டும் இன்னும் நம்பவில்லை.

ஸ்பீக்கர் மாட்டி ஓராண்டு முடிந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. போடி ஏலத்திற்குப் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டாலும் பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழுகிறது. முன்பெல்லாம் விழாது. ஒரு தடவை உசிலம்பட்டி தாண்டி அதனால் ஒரு கண்டம் தப்பியது வீட்டில் யாருக்கும் தெரியாது.

உறுப்பினர்கள் சிலர் டிக்கியில் கடகடவென்று சத்தம் வருகிறதே, அதுவும் கிராஸ்ஓவர் தவறுதானா என்று கேட்டார்கள். பெரும்பாலும் இல்லை. பாட்டு ஓடும்போது பின் நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு ரப்பர் வாஷர் வைத்து முடுக்கிவிட்டால் போதும். அப்படியும் நிற்காவிட்டால் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கழற்றிப் பாருங்கள், அடியில் ஏதாவது ஸ்பேனர் உருண்டு கொண்டிருக்கும்.